வி.ஜி.பி.க்கு அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

வணக்கம். லீவுக்கு ஊரிலிருந்து அம்மாவும் அக்கா பிள்ளைகளும் வருகிறார்கள். சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் இருக்கும் வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். தலைகீழாகத் தொங்கவிடும் ரைடெல்லாம் எங்களுக்கு ஒத்து வராது. ராட்டினம், கொஞ்சம் கடல் காற்று, அது போதும்.

நான் கடைசியாகப் போனது ஐந்தாம் வகுப்பு டூரில். தலைப்பாகையும் மீசையுமாக அசையாமல் நின்ற சிலை மனிதர் முன்னால் வகுப்பே குரங்குச் சேட்டை செய்தது. அவர் மூக்கில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. ம்ஹூம், மனிதர் அசையவே இல்லை. கையில் இருந்த புளிசாதத்தை மறந்துவிட்டு அந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அப்படி ஒருவர் நிற்கிறாரா? பிள்ளைகளிடம் வேறு பெருமையடித்துவிட்டேன்.

அம்மாவுக்கு முட்டிவலி. வாசலிலிருந்து கடற்கரை வரை எவ்வளவு நடக்கணும்? நடுவில் நிழலில் உட்கார இடம் உண்டா? வீல்சேர் கிடைக்குமா? வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா? அப்புறம், திருவான்மியூரிலிருந்து பஸ் வசதியா, ஆட்டோவே மேலா?

கடலில் யாரையும் இறங்க விடுவதாக இல்லை, ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் அலை ஆளை இழுக்கும்.

சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள். பழைய கதை என்னிடமே நிறைய இருக்கிறது.