அரிக்காத தடிப்பு: பால்வினை நோய்ச் சிகிச்சையில் நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பேட்டை மேஸ்திரி:

கட்டட வேலை பார்க்கிறவன் நான். சிமெண்டில் புழங்குகிற கை என்பதால் உள்ளங்கையில் புள்ளி புள்ளியாகத் தடித்தபோது யாருக்கும் வேறு சந்தேகம் வரவில்லை. முதலில் போன தனியார் கிளினிக்கில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே "சிமெண்ட் அலர்ஜி" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். கையுறை மாட்டிப் பார்த்தும் அடங்கவில்லை.

பிறகு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனேன். சின்ன வயதுப் பெண் மருத்துவர். கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரிக்கிறதா அண்ணாச்சி?" என்றார். இல்லை என்றேன். "செருப்பைக் கழற்றுங்கள்" என்றார். உள்ளங்காலிலும் அதே செம்புநிறப் புள்ளிகள். மேஸ்திரி ஆன பிறகு நான் கலவைக்குள் கால் வைப்பதே இல்லை! சிமெண்ட் என்றால் அரித்துப் பிடுங்கியிருக்கும் என்று சொல்லி, பக்கத்தில் நின்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்: கொஞ்ச நாளைக்கு முன் உறுப்பில் வலியில்லாத புண் வந்து தானாக ஆறியதா? வந்தது, ஆறியது. வலிக்காத புண்ணுக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்?

ஆர்.பி.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையில் 1:64 என்று வந்தது (இரண்டாவது எண் குறையக் குறைய நல்லது). சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய், இரண்டாம் நிலை. புண் ஆறினாலும் கிருமி உடம்பில் இருந்துகொண்டே இருக்குமாம், சில வாரங்களோ மாதங்களோ கழித்து இப்படித் தோலில் தலைகாட்டுமாம்.

பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட்டைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு பக்கப் பிட்டத்திலும் போட்டார்கள். அதற்கு முன் துளி மருந்தைத் தோலுக்குள் செலுத்தி, ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். கெட்டியான மருந்து. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். "ராத்திரி காய்ச்சல் வரலாம், கிருமி சாகும்போது வருவது, பயப்படாதீர்கள்" என்று அந்த மருத்துவர் முன்னமே சொல்லியிருந்தார். சொன்னபடி குளிர்நடுக்கம் வந்தது, மறுநாள் போய்விட்டது. அவர் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால், ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

மனைவியை அழைத்துப் போன கதையை இங்கே எழுத மாட்டேன். ஆலோசகர் அவளிடம் தனியாகப் பேசினார், அவளுக்கும் இரத்தம் பார்த்து ஊசி போட்டார்கள். ஆறாம் மாதம் எனக்கு 1:8. தொடங்கிய அளவில் நான்கில் ஒரு பங்குக்காவது இறங்கினால்தான் மருந்து வேலை செய்ததாகக் கணக்காம். ஊசியோடு முடிந்தது என்று வராமல் போய்விடுகிறவர்கள்தான் அதிகம் என்று ஆலோசகர் வருத்தப்பட்டார்.

மேலப்பாளையத்தான்:

செலவு எவ்வளவு ஆனது அண்ணாச்சி?

பேட்டை மேஸ்திரி:

பரிசோதனை, ஊசி எல்லாம் இலவசம். வேலைக்குப் போகாததால் இழந்த கூலிதான் செலவு.

கடையநல்லூர் பயணி:

எனக்கு வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் 'தகுதியில்லை' என்று வந்தது. காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. ஏஜென்ட் ஒருவர், "இரத்தத்தைச் சுத்தம் செய்துவிடலாம்" என்று லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் அனுப்பினார். நாடி பிடித்தார், மேகம் (பால்வினை நோய்க்கு நாட்டு வைத்தியத்தில் சொல்லும் பெயர்) என்றார், ஒரு மண்டலத்துக்கு லேகியம் என்றார். அவர் சொன்ன விலைக்கு ஒரு வீட்டுக்கு மாதச் சாமான் வாங்கலாம். இரத்தம் பார்க்க வேண்டாமா என்றால், நாடியே போதுமாம். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த வைத்தியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு லாட்ஜில் கடை விரிப்பவர்கள்மேல் எனக்கு இரட்டைக் கோபம்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் விஷயம் விளங்கியது. மும்பையில் இருந்தபோது எனக்கு இதே சிஃபிலிஸ் வந்து, ஊசி போட்டுக் குணமாகியிருந்தது. டி.பி.எச்.ஏ. என்றொரு பரிசோதனை உண்டு. ஒருமுறை நோய் வந்தவருக்குக் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அது 'உண்டு' என்றே காட்டும். அதை வைத்துத்தான் 'தகுதியில்லை' என்றிருக்கிறார்கள். இப்போது நோய் இருக்கிறதா என்று பார்க்க உதவும் ஆர்.பி.ஆர். எனக்கு 'இல்லை' என்று வந்தது. மருத்துவர் இரண்டையும் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். மும்பையில் ஊசி போட்ட சீட்டை என் அம்மா பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தது உதவியது (என்ன சீட்டு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது). ஏஜென்டோடு வழக்கு இன்னும் ஓடுகிறது.

கல்லிடைக்குறிச்சி அக்கா:

ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெண்களுக்கு வெள்ளைப்படுதல் என்றால் எங்கள் பக்கம் ஒரே விடைதான், சூடு. வெந்தயம், கற்றாழை, நீராகாரம் எல்லாம் ஆயிற்று. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைக்கு அரிப்பு அடங்கும், பிறகு திரும்ப வரும். அடிவயிற்று வலி சேர்ந்துகொண்ட பிறகுதான் சுகவாழ்வு மையத்துக்குப் போனேன். அதுவரை நான் பார்த்த யாருமே என்னைப் படுக்க வைத்துப் பரிசோதிக்கவில்லை, எல்லோரும் வாய்வார்த்தையைக் கேட்டே மருந்து எழுதினார்கள்.

அங்கே செவிலியர் திரையை இழுத்துவிட்டு, ஒவ்வொன்றும் செய்யப்போகும் முன் சொல்லிவிட்டுச் செய்தார். கருப்பை வாயில் அழற்சி. சாம்பல் நிறப் பொட்டலத்தில் இருந்த அசித்ரோமைசினையும் செஃபிக்ஸிமையும் அவர் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். அதே பொட்டலம் இன்னொன்று கணவருக்கு. "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்று அவர் முறுக்கிக்கொண்டார். கிளமிடியா மாதிரிக் கிருமிகள் எந்த அறிகுறியும் இல்லாமல் ஆளோடு இருக்குமாம். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் விழுங்கினார். பக்கத்திலேயே நம்பிக்கை மையம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒரு குறை. வேறொரு இடத்தில், கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணிடம் "புருஷன் வரவில்லையா?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி ஊழியர் ஒருவர் கேட்டார். அந்தப் பெண் சீட்டை மடித்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

தென்காசி ஆய்வகத்தான்:

தனியார் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து எச்.ஐ.வி. பார்க்கச் சொல்வார்கள். 'இல்லை' என்று வரும், சிரித்துக்கொண்டே போவார்கள். அந்த முடிவுக்கு அர்த்தமே இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி. அந்தத் திங்கட்கிழமை அவர்கள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரைகள் அங்கே உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். சந்தேகம் என்றால் எச்.ஐ.வி. உதவிக்கு 1097 இலவச எண்.

இன்னொரு கூட்டம், சீழ் வடிந்தால் மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்குகிறவர்கள். வெட்டை நோய்க் (கொனோரியா) கிருமி அந்த மருந்துக்கு மசியாமல் போய் வெகுகாலம் ஆகிறது. பாதி அமுங்கிய நிலையில் எங்களிடம் வந்தால் கண்ணாடித் தகட்டில் கிருமியும் தெரியாது.

வள்ளியூர் 22:

எனக்கு இரண்டு நாளாக எரிச்சலும் கசிவும் இருக்கிறது. கல்யாணம் ஆகவில்லை. வீட்டுக்குத் தகவல் சொல்வார்களா?

தென்காசி ஆய்வகத்தான்:

சொல்ல மாட்டார்கள் தம்பி. எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. உங்கள் சொந்த செல்பேசி எண்ணையே கொடுங்கள். உங்களோடு உறவு கொண்டவருக்கும் சிகிச்சை தேவைப்படும், அவரிடம் நீங்களே சொல்லலாம், சங்கடமாக இருந்தால் ஆலோசகர் வழி சொல்வார். நாளைக் காலையிலேயே சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் கிளம்பும்போது சிறுநீர் கழித்துவிட்டுப் போகாதீர்கள், கசிவை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.