புதுப்பிப்பு: கட்டங்களாக உடைத்து மறைத்த எண்ணைப் படிக்க முடிந்தது

ஸ்கிரீன்ஷாட்டில் கணக்கு எண்ணைப் பிக்சல் கட்டங்களாக உடைத்து மறைத்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது, நானே சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஒவ்வொரு கட்டமும் அதற்குள் இருந்த பிக்சல்களின் சராசரி நிறம்தான். தகவல் குறைகிறதே தவிர, முழுதாக அழிவதில்லை. அதே எழுத்துருவில், அதே அளவில் 0 முதல் 9 வரை எழுதி, அதே 8×8 பிக்சல் கட்டங்களாக உடைத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். 1 வெளிறிய சாம்பல், 8 நன்றாக அடர்ந்த சாம்பல். 3-க்கும் 8-க்கும் கொஞ்சம் தடுமாறினேன். இடப்பக்கக் கட்டம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஓர் இலக்கத்துக்குப் பத்தே வாய்ப்புகள், அப்புறம் என்ன?

சரி, இனி முழுக் கறுப்புப் பெட்டிதான். ஹைலைட்டர் தூரிகை மட்டும் வேண்டாம்: அதன் வழியே அடியில் இருப்பது பாதி தெரியும், வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பழைய படங்களையும் மாற்றிவிட்டேன்.