திகிப்கோ: கொம்சோமோல் செயலாளர் வங்கி முதலாளி ஆனது எப்படி?

செக்காலை வாசகன்
காரைக்குடி வாசகர் வட்டத்தில் உக்ரைன் வங்கியாளரும் அரசியல்வாதியுமான செர்கி திகிப்கோ பற்றி 20 நிமிஷம் பேசணும். 1989இலிருந்து 91 வரை த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் மாகாணக் கொம்சோமோலின் (சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பு) முதல் செயலாளர். 1992இல் ப்ரிவாத்பாங்க் தலைவர். "கட்சிக் கஜானாவைத் தூக்கிட்டுப் போய் வங்கி ஆரம்பிச்சார்"னு எழுதி வச்சிருக்கேன். சரியா வருமா?

பள்ளத்தூர் பேரேடு
அந்த வரியை அடிச்சிருங்க தம்பி. 1992இல் அவர் முதலாளியே இல்லை. ப்ரிவாத்பாங்க்கின் உடைமைக்காரங்க கொலொமொய்ஸ்கி, போகொலியூபொவ் கூட்டாளிகள். திகிப்கோ நிர்வாகத் தலைவர். நம்ம செட்டிநாட்டுக் கடைப் பாஷையில் சொன்னா மேலாள். சம்பளச்சீட்டு (வேலை ஒப்பந்தம்) எழுதிக்கிட்டு பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடைத் தொழில் பார்க்க, போனவர் மாதிரி; பெட்டிச் சாவி இவர்கிட்ட, பெட்டி வேற ஆளுது. பெட்டியடிப் பையனாப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, கடைசியில் சொந்த விலாசம் (சொந்தப் பேரில் கடை) போட்டவங்க நம்ம பக்கம் எத்தனை பேர்! திகிப்கோ சொந்த விலாசம் போட்டது 1998இல், தாஸ் என்ற தொழில் குழுமம். அதுக்குள்ள 5 வருஷம் வங்கியை நடத்தி, 1997இல் துணைப் பிரதமரும் ஆயிட்டார். இந்த வரிசையைச் சொன்னாலே கூட்டத்துக்குப் பாதி விளங்கிடும்.

ஐந்தொகை
கஜானா கதையை விடுங்க. அந்தக் காலத்துப் பணத்தின் சூட்சுமமே வேற.

சோவியத்தில் ரூபிள் இரண்டு விதம். ஆலைக்கும் ஆலைக்கும் நடுவே ஓடுறது கணக்கு ரூபிள், வெறும் பற்று வரவு. கையில் எண்ணுற நோட்டு தனி. ஆலை தன் கணக்கிலிருந்து நோட்டா எடுக்கிறது பெரும்பாலும் சம்பளத்துக்கு மட்டும்தான், அதுக்கும் கடும் கட்டுப்பாடு. அதனால் பேரேட்டில் கோடி இருந்தும் வெளியில் ஒரு ஆணி வாங்க முடியாது.

1987இல் கொம்சோமோல் நிழலில் "இளைஞர் அறிவியல் தொழில்நுட்ப மையங்கள்" திறக்க அனுமதி வந்தது. ஆலை ஒரு ஆராய்ச்சி ஒப்பந்தம் போட்டுக் கணக்கு ரூபிளை மையத்துக்கு மாத்தும். மையம் ஒரு தற்காலிகக் குழுவை வச்சு வேலையை முடிச்சு, கூலியை நோட்டாக் கொடுக்கும், கழிவைத் தான் எடுத்துக்கும். சட்டப்படியே கணக்குப் பணம் நோட்டாயிடுச்சு! இதுக்குக் கையிலிருந்து முதலீடு போடத் தேவையில்லை. கையெழுத்துப் போடுற அதிகாரமும் ஆலை மேலாளர்களின் அறிமுகமும் போதும். கொம்சோமோல் செயலாளருக்கு இரண்டும் உண்டு.

இதில் பழுது என்னன்னா, நோட்டு பெருகுச்சு, சரக்கு பெருகலை. கடை அலமாரி காலி.

1988இல் கூட்டுறவுச் சட்டமும் வந்ததும், இந்தப் பணத்தில் ஒரு பகுதி தனியார் வங்கிகளா உருமாறுச்சு. மாஸ்கோவில் கோதர்கோவ்ஸ்கி என்ற தொழிலதிபர் இளைஞர் மையத்திலிருந்து மெனாதெப் வங்கிக்குப் போனது நேரா இந்தப் பாதைதான். இந்த உதாரணத்தை அவர் பெயரிலேயே சொல்லுங்க, திகிப்கோ தலையில் கட்டாதீங்க.

செக்காலை வாசகன்
நன்றி அண்ணே. 1992க்கு அப்புறம் வங்கி அவ்வளவு வேகமா வளர்ந்தது எதனால்?

ஐந்தொகை
விலைவாசி. 1993இல் உக்ரைனின் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டுச்சு. உள்ளூர் நாணயமான கார்போவானெத்ஸில் கடன் வாங்கி உடனே சரக்காவோ டாலராவோ மாத்தி வச்சவனுக்கு, திருப்பிக் கட்டும்போது அந்தக் கடன் தேநீர்க் காசு. நம்ம நடப்பு வட்டிக் கணக்கு அங்கே எடுபடாது, வட்டியை விட விலை வேகமா ஓடுது. டெபாசிட் வாங்கின வங்கிக்கும் அதே கதைதான்; சேமிச்சவங்க பாடுதான் திண்டாட்டம். 1996இல் 1,00,000 கார்போவானெத்ஸுக்குப் புது நாணயம் 1 ஹிரிவ்னியான்னு மாத்தினப்போதான் கணக்குப் புத்தகமே ஒரு நிலைக்கு வந்தது.

பள்ளத்தூர் பேரேடு
ஊரையும் விட்டுடாதீங்க. த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க், ராக்கெட் ஆலையும் எஃகு ஆலைகளும் நிறைஞ்ச நகரம். சோவியத் தலைவரா இருந்த பிரெஷ்னேவ் அந்தப் பக்கத்து ஆள். 1994இல் அதிபரான குச்மா அங்கே ராக்கெட் ஆலையை நடத்தினவர். அடத்திக் கடைக்காரங்க (நம்ம பக்கத்து லேவாதேவிக்காரங்க) வாய்ச்சொல்லில் பணம் கைமாத்துற மாதிரி, அங்கே அறிமுகமே ஈடு.

இன்னொண்ணு. சிராவயலில் ஆசிரமம் நடத்தின கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவை மனசில் வச்சுக்கிட்டு உங்க கூட்டம் "காம்ரேட்" என்ற சொல்லைக் கேட்கும். 1980களின் கொம்சோமோலோ பதவி ஏணி. முதலிலேயே சொல்லலைன்னா "துரோகம்"னு ஒருத்தர் எழுந்து பேச, 20 நிமிஷமும் அதிலேயே போயிடும்.

ஐந்தொகை
கடைசிப் பகுதிக்குத் தேதிகள்: 2002 முதல் 2004 வரை திகிப்கோ உக்ரைன் மத்திய வங்கித் தலைவர். 2007இல் தன் தாஸ் குழும வங்கியை ஸ்வீடனின் ஸ்வெட்பாங்க்குக்கு 73.5 கோடி டாலருக்கு வித்தார். அடுத்த வருஷமே உலக நிதி நெருக்கடி; வாங்கினவங்க 2013இல் உக்ரைனை விட்டே போயிட்டாங்க. 2010 அதிபர் தேர்தலில் சுமார் 13 சதவீதம் வாங்கி மூணாவது இடம். 2016இல் யுனிவர்சல் பாங்க்கை வாங்கினார், 2017இல் வந்த மோனோபாங்க் என்ற கைபேசி வங்கிச் செயலி ஓடுறது அந்த வங்கியின் உரிமத்தில்தான். ப்ரிவாத்பாங்க்கை அரசு எடுத்துக்கிட்டதும் 2016இல்தான், ஆனா அதில் இவருக்குப் பங்கில்லை. கேள்வி நேரத்தில் இரண்டையும் குழப்புவாங்க, பார்த்துக்குங்க.