சிகாகோவில் அசல் மெக்சிகன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):
தாளடி அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, ஏப்ரலில் மகன் வீட்டுக்கு சிகாகோ போகிறோம். போன தடவை மெக்சிகன் என்று ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். நொறுங்குகிற ஓட்டுக்குள் கொத்துக்கறி, மேலே மஞ்சள் சீஸ். சாப்பிட்டவர்களில் மெக்சிகோக்காரர் ஒருவரும் இருந்த மாதிரி தெரியவில்லை. அசல் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் ஆடு, கோழி, மீன் சாப்பிடுவேன். மாடு, பன்றி கிடையாது. வீட்டுக்காரம்மா சுத்த சைவம்.

அரசலாறு:
கூகுளில் நாலரை நட்சத்திரத்துக்கு மேல் உள்ள கடையாகப் பாருங்க சார். அவ்வளவுதான்.

குடந்தைக்காரி:
நட்சத்திரத்தை நம்பிப் போகாதீங்க அண்ணா. அதைப் போடுகிறவர்களுக்கு ஏசியும் பார்க்கிங்கும்தான் முக்கியம். நான் அங்கே குடித்தனம் நடத்தியவள், சொல்கிறேன்.

முதலில் பேட்டையைப் பிடியுங்கள். பிங்க் லைன் ரயிலில் ஏறி 18-ஆவது தெரு ஸ்டேஷனில் இறங்கினால் பில்சன். அங்கிருந்து தென்மேற்கே 26-ஆவது தெருவில் லிட்டில் வில்லேஜ். இரண்டும் மெக்சிகோக்காரர்கள் குடியேறிய பகுதிகள். பில்சனில் மெக்சிகன் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் மகனும் முணுமுணுக்க மாட்டார்.

கடைக்குள் போனதும் டோர்டியாவைக் கவனியுங்கள், அதாவது நம் சப்பாத்தி மாதிரியான மெக்சிகன் ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைப்பார்கள். வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். அந்த மாவில் சுட்டது மிருதுவாக மடங்கும். ஒரு தனி வாசனை வரும். எல் மிலாக்ரோ என்று 1950-இல் தொடங்கிய டோர்டியா கம்பெனி அங்கே இருக்கிறது. சூடாக ஒரு பொட்டலம் வாங்கி, ஒன்றை வெறுமனே தின்று பாருங்கள். அப்புறம் எந்தக் கடையில் போய் உட்கார்ந்தாலும் நாக்கே சொல்லிவிடும்.

உங்களுக்கு பிர்ரியா. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்து ஆட்டுக்கறி. புலாஸ்கி சாலையில் பிர்ரியேரியா சரகோசா என்ற குடும்பக் கடைக்கு அதுதான் பெயர் வாங்கித் தந்தது. இப்போது பல கடைகளில் மாட்டுக்கறியில் போடுகிறார்கள், கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஸ்பானிஷில் ஆடு என்றால் 'சீவோ'.

அண்ணிக்குத்தான் கொஞ்சம் சிரமம். மசித்த பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், சிவப்புச் சோற்றைக் கோழி ரசத்தில் வேகவைத்திருப்பார்கள். "சின் மன்தேகா" என்று சொன்னால் கொழுப்பு வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். டோர்டியாவுக்குள் சீஸும் பூசணிப்பூவும் வைத்துச் சுட்ட கேசடியா, சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி வதக்கிய நோபாலேஸ் இரண்டும் பாதுகாப்பு. குடிக்க ஒர்ச்சாட்டா, ஊறவைத்த அரிசியை அரைத்து, பட்டை போட்டு இனிப்பாகத் தருவார்கள். நெல் விளைவிக்கிறவர் அதைக் குடிக்காமல் வரலாமா?

திருவையாற்றுத் தம்பி:
ஹூஸ்டனில் இருக்கிறேன். மஞ்சள் சீஸைப் போலி என்று ஒதுக்க முடியாது அக்கா. டெக்சாஸிலேயே தலைமுறைகளாக வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் வீட்டில் சமைத்து வளர்ந்த சமையல் அது. மெக்சிகோவின் வடக்கே சோனோரா மாநிலத்தில் கோதுமை டோர்டியாவும் அசல்தான்.

குடந்தைக்காரி:
சரிதான் தம்பி, கோதுமை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அந்த நொறுங்குகிற ஓட்டை மட்டும் என் தட்டில் வைக்காதே.

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி):
நன்றி தங்கச்சி. கறி சுட்ட கல்லிலேயே கேசடியாவும் சுடுவார்களா என்று வீட்டுக்காரம்மா கேட்கச் சொல்கிறாள்.

குடந்தைக்காரி:
சின்னக் கடைகளில் ஒரே கல்தான் அண்ணா. அவர்களுக்கு அது ஒப்பாது என்றால் ஒர்ச்சாட்டாவோடு பழம் நறுக்கி, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போட்டுத் தரச் சொல்லுங்கள். 26-ஆவது தெருவில் தள்ளுவண்டியிலேயே கிடைக்கும்.