கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம்: ரொம்ப வெளுத்த தோலுக்கு ஃபவுண்டேஷன் தேடியவர்கள் சொல்லுங்கள்

கொங்குக்கிளி

எனக்கு அல்பினிசம், பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமி மிகக் குறைவு. இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆல்பத்தை இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு. பார்லரிலிருந்து வந்த அக்கா 3 மணிக்கே பெட்டியைத் திறந்துவிட்டார். இருந்ததிலேயே வெளுத்த ஷேடை எடுத்து என் மணிக்கட்டில் தொட்டு வைத்தார். மஞ்சள் அரைத்துப் பூசியது போல நின்றது. "இதுக்கு மேல வெளுப்பு என்கிட்ட இல்லையே" என்றார். அப்புறம் என்னைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி கலருக்கே கொண்டுபோயிடட்டுமா? போட்டோல எல்லாரும் ஒரே மாதிரி இருப்பீங்க" என்றார். அம்மா தலையாட்டினார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் மண்டபத்தில் யாருக்கும் யோசிக்க நேரமில்லை.

முகமும் கழுத்தும் கோதுமை நிறம். கை மட்டும் என் கை. தாலி கட்டி முடித்து அம்மி மிதிக்க எழுந்தபோது குனிந்தேன். புது மஞ்சள் கயிற்றில் ஓர் அங்குலத்துக்குப் பழுப்பு ஒட்டியிருந்தது. வேர்வையில் கழுத்திலிருந்து இறங்கியது. எனக்குப் பார்வை குறைவு, மேடையில் நின்றால் முதல் வரிசை முகங்கள்கூடத் தெரியாது. அந்த ஓர் அங்குலம் தெரிந்தது.

வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். இந்த முறை என் நிறத்திலேயே நிற்க வேண்டும் என்று ஆசை. உங்களுக்கு எப்படி அமைந்தது? நல்லபடியாகக் கிடைத்தவர்கள் மட்டுமில்லை, கிடைக்காதவர்களும் எழுதுங்கள்.

வன்னிமகள்

தங்கச்சி, நான் மற்றப் பக்கத்துக் கதை சொல்கிறேன். லண்டனில் ஒரு மருந்துக்கடையின் மேக்கப் பகுதியில் நாலு வருஷம் வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை தாயோடு ஒரு பிள்ளை வந்தாள், பதினாறு வயது இருக்கும். அயர்லாந்துக்காரர். செம்பட்டை முடி, முகமெல்லாம் தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், புள்ளிகளுக்கு இடையில் பால் மாதிரித் தோல். பள்ளிக்கூடம் முடியும் விருந்துக்குப் போக ஃபவுண்டேஷன் வேணும் என்றாள்.

ஐவரி, அதாவது தந்த நிறம் என்று எழுதின மூன்று போத்தல் எடுத்தேன். மூன்று கம்பெனி, மூன்று ஐவரி. மூன்றும் அவள் தாடையில் தோடம்பழ நிறமாய் நின்றது. கடைசியாகப் போர்சலின் என்று ஒன்று. அதுவும் ட்யூப்லைட்டுக்குக் கீழே சரியாய்த் தெரிந்து, வாசலடிக்குக் கூட்டிப்போனால் மாறிவிட்டது. அவள் சுவரில் இருந்த விளம்பரப் படங்களைக் காட்டி என்னிடம் கேட்டாள், "இவ்வளவு வெள்ளை முகம் இருக்கு, இவங்களுக்கு எங்க வாங்குறீங்க?" என்று. எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளைக்காரருக்கு எல்லாம் கிடைக்கும் என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன்.

ஆனால் எனக்கு இன்றைக்கும் நிற்பது அது இல்லை. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றைக் கடைசியில் கண்டுபிடித்துக் கன்னத்தில் தடவினேன். புள்ளிகள் எல்லாம் மறைந்துபோயின. தாய் ஒன்றும் கதைக்காமல் டிஷ்யூ எடுத்து அந்தக் கன்னத்தைத் துடைத்தார். மெதுவாக, புள்ளிகள் ஒவ்வொன்றாய்த் திரும்பி வருமட்டும். வாங்காமலே போய்விட்டார்கள்.

கருவேலம்

மன்னிக்கணும், படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. நான் நல்ல கறுப்பு. எங்கள் ஊர்க் கடையில் பத்து ஷேடு இருந்தால் ஒன்பது வெளுப்பு, பத்தாவது மாநிறம். அதையும் பூசினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். "உங்களுக்கு எதுக்கும்மா, காம்பேக்ட் போதும்" என்று சொல்லிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்த கடைக்காரரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூடியைத் திருகி மூடுகிற சத்தம்கூட. 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி கம்பெனி 40 ஃபவுண்டேஷன் ஷேடுகளோடு வந்தபோது கொண்டாடியது எங்களைப் போன்றவர்கள்தான், ஏனென்றால் அதுவரை எங்களைக் கணக்கிலேயே எடுத்ததில்லை. இந்த நாட்டில் வெளுப்பாக இருக்கிறவர்களுக்கு ஷேடு கிடைக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1975இலிருந்து ஒரு க்ரீமை வைத்து வெளுப்பை விற்ற நாடு இது.

திண்டிவனம் ஒப்பனை

என் அனுபவம் சின்னது. அப்பா தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்யாண மேக்கப்புக்கு வந்த புதிதில் அல்பினிசம் உள்ள ஒரு மணப்பெண் வந்தது. கையில் இருந்த கிரையோலான் கம்பெனி மேக்கப் ஸ்டிக்கில் வெள்ளையை அள்ளிச் சேர்த்துப் பூசினேன். முதல் ஃபிளாஷ் அடித்ததும் அந்தப் பிள்ளை முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. கழுவிவிட்டு மறுபடி போட நேரமில்லை. 11 வருடம் ஆகிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பது பெரும்பாலும் நான்கு பொடிகள். டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை, அப்புறம் இரும்பு ஆக்சைடில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. நம் ஊரில் ஓடுவதில் மஞ்சள் தூக்கலாக இருக்கும், பெரும்பாலோர் தோலுக்கு அதுதான் சேரும். அல்பினிசத்தில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் கிட்டத்தட்ட இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தம்தான் மேலே நிறமாகத் தெரியும். அதாவது அடியில் ரோஸ். மஞ்சள் தூக்கலான ஷேடில் எவ்வளவு வெள்ளை சேர்த்தாலும் வெளிறிய மஞ்சள்தான் வரும். நான் செய்த தப்பு அதுதான். முதலில் ரோஸ் சாயல் உள்ள ஷேடாகப் பிடியுங்கள், அப்புறம் வெள்ளை மிக்ஸரை, அதாவது ஷேடை மாற்றக் கலக்கும் நிறத் திரவத்தை, சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். அப்போதும் ஆரஞ்சு அடித்தால் ஊசிமுனை அளவு நீல மிக்ஸர். ஊசிமுனைக்கு மேல் போனால் பிணக்களை வந்துவிடும்.

மேக் கம்பெனி ஃபவுண்டேஷன் வாங்குவதென்றால் ஷேடு பெயரில் என்.டபிள்யூ. ரோஸ் சாயல், என்.சி. மஞ்சள் சாயல், எண் குறையக் குறைய வெளுப்பு. கொரியக் குஷன்களில், அதாவது ஸ்பாஞ்சில் ஊறி வரும் ஃபவுண்டேஷனில், 21, 23 எண் ஷேடுகள்தான் கடையில் அதிகம் இருக்கும். அதற்கும் வெளுத்தது 13, கேட்டு வாங்க வேண்டும். கையில் பூசிப் பார்க்காதீர்கள், தாடையில் தொடங்கிக் கழுத்து வரை ஒரு கோடு இழுங்கள். 15 நிமிடம் காத்திருங்கள், தோலின் எண்ணெய் சேர்ந்ததும் சில ஷேடுகள் ஒரு படி கருக்கும். அப்புறம் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெயில் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள். கடை விளக்கை நம்பவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். என்கிற வெயில் தடுப்பு எண் 30க்குக் குறையாமல். ஃபவுண்டேஷன் டப்பாவிலேயே எஸ்.பி.எஃப். போட்டிருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணுக்குத் தேவையான தடிமனில் யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. இன்னொன்று, துத்தநாகமும் டைட்டானியமும் உள்ள சன்ஸ்கிரீன் ஃபிளாஷில் வெள்ளையாக அடிக்கும். போட்டோகிராபரிடம் முன்பே சொல்லி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கொங்குக்கிளி

அண்ணா, ரோஸ் சாயல் விஷயம் இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி. ஆனால் வெயில் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள் என்கிறீர்களே, எங்களுக்கு அதுதான் முடியாது. வெயிலில் கண்ணைத் திறந்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும், தண்ணீர் கொட்டும். கருவிழி வேறு ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் என் தாடைக் கோட்டைப் பார்க்க நான் மூக்கு இடிக்கிற அளவு கிட்டே போக வேண்டும். போனால் என் நிழலே முகத்தில் விழும். ஜன்னல் ஓரம் நின்று போனில் படம் எடுத்து, உள்ளே வந்து பெரிதாக்கிப் பார்ப்பதுதான் என்னால் முடிகிறது. போன் கேமரா நிறத்தை மாற்றிவிடுகிறது என்பதும் தெரியும். எந்தக் கடையிலும் எனக்குப் பதிலாக யாரோ ஒருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர் என்னை எந்த நிறத்தில் பார்க்க விரும்புகிறாரோ அதைச் சொல்கிறார்.

கருவேலம், உங்கள் கடைக்காரர் செய்தது அநியாயம். ஆனால் நீங்கள் சொன்ன அதே 40இல் மறுமுனையில் இருந்ததைப் பூசிப் பார்த்து, முதல் தடவையாகத் தன் நிறம் கிடைத்ததென்று எழுதிய அல்பினிசம் உள்ள பெண்களும் இருந்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவெல்லாம் கறுப்பினத்தவர்கள். என் அப்பாவும் உங்கள் நிறம்தான் இருப்பார்.

ராமநாதபுரம்காரன்

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. எனக்கும் அல்பினிசம். பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் என்றால் நான்தான் ஜாக்சன் துரை. ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு. "உனக்கு மேக்கப் செலவே இல்லடா" என்பார் சார், அன்பாகத்தான் சொல்வார். வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம், கட்டபொம்மனுடையதும் சேர்த்து.

ஒன்பதாம் வகுப்பில் நாடகம் முடிந்த பிறகு, கட்டபொம்மனாக நடித்த பையனின் பேன்கேக் மேக்கப் டப்பா மேசையில் கிடந்தது. ஈர ஸ்பாஞ்சில் எடுத்து முகம் முழுக்கப் பூசினேன். கண்ணாடிக்கு இரண்டு அங்குலத்தில் நின்று பார்த்தேன். முழு முகம் தெரியாது, கன்னம், மூக்கு, நெற்றி என்று துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் என் அண்ணன் இருந்தான். உள்ளே வந்த சார் என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போனார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும். ஜூன் 13 அல்பினிசம் விழிப்புணர்வு நாள் என்று ஐ.நா. அறிவித்தது 2014 டிசம்பரில். எங்கள் காலத்தில் அந்தப் பெயரே யாருக்கும் தெரியாது.

ஸ்ரீரங்கத்து அம்மா

எனக்கு வயது 58. வெண்புள்ளி. வெண்குஷ்டம் என்று எழுதாதீர்கள், அது குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது. 41 வயதில் விரல் நுனியில் தொடங்கி 50க்குள் உடம்பு முழுக்க வந்துவிட்டது. இப்போது பழைய நிறத்தில் ஒரு பொட்டு இடம்கூட இல்லை.

திட்டுத் திட்டாக இருந்த வருடங்களில் மறைக்கிற க்ரீம் பழுப்பில் வாங்குவேன், அதில் குழப்பமே இல்லை, பக்கத்துத் தோலைப் பார்த்துச் சேர்த்துவிடலாம். எல்லாம் வெளுத்த பிறகுதான் எதைப் பார்த்துச் சேர்ப்பது என்று புரியவில்லை. மகள் சீமந்தத்துக்கு முன்னால் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பையில் என் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் போயிருந்தேன், 1994இல் ஸ்டூடியோவில் எடுத்தது. அந்தக் கடைப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. போட்டோவை வாங்கிக் கவுண்டரில் வைத்து, பாட்டில்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் சிரத்தையாகப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, "இதுல இருக்குறவங்க வந்திருந்தா நல்லா இருக்கும் ஆன்ட்டி, நேர்ல பாத்து எடுத்துருவேன்" என்றாள்.

அவள்மேல் தப்பில்லை. நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஊர்ல இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் எடுத்துக் கொடுத்த பழுப்பு பாட்டிலை வாங்கி வந்தேன். இன்னும் பீரோவில் இருக்கிறது, சீல் உடைக்கவில்லை. சீமந்தத்துக்கு வெறும் முகத்தோடு போனேன்.

கருவேலம்

அம்மா, உங்கள் பதிவைப் படித்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் எழுதியதில் கடைசி இரண்டு வரிகள் வேகத்தில் வந்தவை. கடைக்காரர் பற்றிச் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஜாக்சன் துரை வேஷம் போட்டவருக்கும் எனக்கும் பதில் சொன்னது ஒரே வாய்தான் என்று படுகிறது. எனக்குப் பள்ளி நாடகத்தில் கிடைத்தது எப்போதும் அரக்கி வேஷம்.

கிளி, உங்களுக்குக் கண் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் கோயம்புத்தூரில்தான் இருக்கிறேன். உங்கள் கழுத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் சொல்வேன்.

கொங்குக்கிளி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கருவேலம் வந்தார், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம். அண்ணன் சொன்னபடி ரோஸ் சாயலில் தொடங்கினோம். வெள்ளை மிக்ஸர் நான்கு சொட்டு, நீலம் தேவைப்படவில்லை. நான் திரை போட்ட ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன், அவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவை "இல்லை" என்று சொல்லித் துடைத்தார். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் தள்ளி நின்றார். எங்கே முடிகிறது என்று கேட்டேன். "தேடிட்டு இருக்கேன்" என்றார்.

கலவையை ஒரு சின்ன டப்பாவில் எடுத்து, எத்தனை சொட்டு என்று மூடியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். முகமும் கழுத்தும் சேர்ந்துவிட்டது, காது மட்டும் சிவந்து தனியாக நிற்கிறதாம். காதுக்கும் போட வேண்டுமா?

திண்டிவனம் ஒப்பனை

போடணும்மா. ஜிமிக்கி மாட்டுவதற்கு முன்னால் போட்டுவிடு.