ஸ்பேமுக்கு ஒரே சொல் போதுமா?

மன்னார்குடியிலிருந்து:

வணக்கம். உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகங்களுக்கான மின்னஞ்சல் கையேட்டில் ஸ்பேமுக்கு, அதாவது கேட்காமலே வந்து குவியும் மடலுக்கு, தமிழில் என்ன போடுவது? ‘எரிதம்’ என்றால் விளக்கம் கேட்கிறார்கள். ‘குப்பை அஞ்சல்’ எல்லாவற்றையும் ஒரே கூடையில் தள்ளிவிடுகிறது. விதைக் கம்பெனி விளம்பரமும், ‘பயிர்க் காப்பீட்டுத் தொகை நிற்கிறது, கணக்கைச் சரிபாருங்கள்’ என்று வரும் மோசடியும் ஒன்றா? விளம்பரம் வேண்டாமென்றால் சந்தாவிலிருந்து விலகிக்கொள்ளலாம். மோசடி மடலிலோ ‘விலகு’ இணைப்பைத் தொட்டாலே, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும்.

முதலாவதைப் பதர்மடல் என்றும் இரண்டாவதைக் கருக்காய்மடல் என்றும் சொல்லலாமே. கருக்காய் பார்வைக்கு நெல்தான், உள்ளே அரிசி இராது. ஸ்பேம் கோப்புறைக்குப் பதர்ப்பெட்டி.

கும்பகோணத்திலிருந்து:

பதர்மடல் சரி. கருக்காய் வேண்டாம் ஐயா. கருக்காயால் விலைதான் குறையும். இங்கே கடவுச்சொல்லே பறிபோகிறது. டெல்டாவைத் தாண்டினால் அந்தச் சொல்லுக்கே அடிக்குறிப்பு தேவைப்படும். போலி மடலால் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங்குக்குத் ‘தூண்டில்’ ஏற்கெனவே புழங்குகிறது. தூண்டில்மடல் என்றே வைப்போம்.

வரையறையோடு சோதனையும் சேருங்கள். அனுப்புநர் பெயரை நம்ப வேண்டாம், அதை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். முகவரியில் ‘அட்’ குறிக்குப் பிறகு வரும் தளப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘ஜிஓவி.இன்’ என்று முடியாமல் அதற்குப் பின்னும் ஏதோ ‘.காம்’ ஒட்டியிருந்தால் அது அரசு முகவரி அல்ல. சரியாக முடிந்தாலும் போலியாக இருக்கலாம். கணினியில் ஜிமெயிலின் மூன்று புள்ளிப் பட்டியலில் மூலத்தைக் காட்டச் சொன்னால் தளப்பெயர் உண்மையா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சோதனைகளின் முடிவுகள் தெரியும். டிமார்க் ‘ஃபெயில்’ என்றால் கைவைக்கக் கூடாது. ‘பாஸ்’ என்பது அந்தத் தளப்பெயரிலிருந்து வந்தது என்பதற்கு மட்டுமே உறுதி. மோசடிக்காரன் தானே வாங்கிய தளப்பெயருக்கும் ‘பாஸ்’ வரும்!

திருவாரூரிலிருந்து:

தூண்டில்மடலுக்கு என் ஆதரவு. கையாளும் முறையையும் அந்தந்தச் சொல்லின் கீழேயே எழுதிவிடலாம்.

பதர்மடல்: ஜிமெயில் அனுப்புநர் பெயரருகே காட்டும் விலகல் பொத்தானே போதும், மடலுக்குள் இணைப்பைத் தேட வேண்டாம். நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு விளம்பரம் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும் என்பது 2024-இல் வந்த விதி.

தூண்டில்மடல்: பதில் எழுதக் கூடாது, இணைப்பைத் திறக்கக் கூடாது. ‘இது நிஜமா பாருங்கள்’ என்று பக்கத்து மேசைக்கு அனுப்பவும் கூடாது, தூண்டிலும் கூடவே போகும். ஃபிஷிங் எனப் புகார் செய்ய வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டிவிட்டிருந்தால் உடனே மாற்றி, எல்லாக் கருவிகளிலும் வெளியேற வேண்டும். பிறகு அமைப்புகளில் வடிகட்டிகளையும் மடல் திருப்பிவிடும் முகவரியையும் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அங்கே மோசடிக்காரன் தன் முகவரியைச் செருகிவிட்டால் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் மடல்கள் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

பதர்ப்பெட்டியில் மட்டும் ஒரு தயக்கம். நல்ல மடலும் அதில் விழுகிறது, 30 நாளில் தானே அழிந்துவிடுகிறது. பதர் என்றால் திறந்துகூடப் பார்க்க மாட்டார்களே? ‘ஐயப்பெட்டி’ பொருந்துமா?