டைமிங் டிடெக்டர் டெஸ்ட்: இன்னும் உறுத்தும் ஒரு ராத்திரி

மின்மினி:
துகள் வந்த நேரத்தை அளக்கும் தட்டுகளை டெஸ்ட் பண்ணிட்டிருந்தேன். எலக்ட்ரான் உமிழும் ஸ்ட்ரான்சியம்-90, துகள் பட்டால் ஒளிரும் சிந்திலேட்டர் தட்டு, ரெண்டு முனையிலும் அந்த ஒளியைப் பிடிக்கும் சென்சார் (சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர்). வழக்கமான செட்டப்தான். நேரத்தை ஒப்பிடும் ரெஃபரன்ஸ் பக்கக் கேபிள் 1 மீட்டர், தட்டுக் கேபிள் 10 மீட்டர். ராத்திரி 2 மணிக்குப் புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் திரையில் நேர வித்தியாசத்தின் பீக் வலதுபக்கம், அதாவது தாமதமான பக்கம், நகருது. கண்ணெதிரே, நத்தை மாதிரி. அகலம் அப்படியே, இடம் மட்டும் 20 பிக்கோவினாடி (ஒரு பிக்கோ, வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தள்ளிப்போச்சு. சாத்தினேன், மெல்லத் திரும்பி வந்தது. கேபிள்மேல்தான் என் சந்தேகம். அதற்கு முந்தைய மூன்று வாரமும் அறை வெப்பநிலையை ஒருநாள்கூட நான் குறித்து வைக்கவில்லை.

பீம்காரர்:
கேபிள்மேல் பழி போடாதீங்க தம்பி. சென்சார்தான். குளிர்ந்தால் அதன் பிரேக்டவுன் வோல்டேஜ் (சிக்னலைப் பெருக்கத் தொடங்கும் வோல்டேஜ்) இறங்கும், கெயின், அதாவது பெருக்கம், ஏறும், பல்ஸ் த்ரெஷோல்டை, அதாவது நேரம் குறிக்கும் உயரத்தை, தாண்டும் நேரம் மாறும். எனக்கும் ஒருமுறை ஆச்சு, ஏசி நின்ற அன்று. அதனால் சொல்றேன்: தட்டுக்குத் தட்டு தெர்மாமீட்டர் ஒட்டுங்க. சென்சாருக்குக் கொடுக்கும் பயஸ் வோல்டேஜை வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்துங்க. கான்ஸ்டன்ட் ஃபிராக்‌ஷன் போடுங்க, பல்ஸ் உயரம் மாறினாலும் குறிக்கும் நேரம் அவ்வளவா மாறாது. தட்டுக்கும் சென்சாருக்கும் நடுவில் தடவும் க்ரீஸில் குமிழி இருக்கான்னு லென்ஸ் வைத்துப் பாருங்க. சீரியல் நம்பரைத் தட்டிலேயே எழுதுங்க, நோட்டில் மட்டும் எழுதினால் போச்சு.

மின்மினி:
ஐயா, கெயின் ஏறினால் பல்ஸ் சீக்கிரம் தாண்டும், பீக் இடதுபக்கம் போகணும். எனக்குப் போனது வலதுபக்கம். கான்ஸ்டன்ட் ஃபிராக்‌ஷனும் போட்டிருந்தேன். டெஃப்லான் கேபிள், 19 டிகிரி பக்கத்தில் டெஃப்லானின் உள்கட்டமைப்பே மாறும். குளிர்ந்தால் சிக்னல் தாமதமாகும்.

தாழை:
இதுக்கு மூன்று வாரத் தூக்கத்தைத் தொலைக்கணுமா? நம்ம தட்டுகள் போகும் மெக்-2 மியூவான் சோதனையில் 512 தட்டு. ஒரு பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) சராசரியாக 9 தட்டைத் தொடுது. ஒவ்வொன்றின் நேரச் சிதறலும் 100 பிக்கோ பக்கம் இருந்தாலும் சராசரியில் 40க்கு வந்துடுது.

மின்மினி:
தாழை, தட்டுக்குத் தட்டு வேறுபடும் சிதறல்தான் சராசரியில் குறையும். ஒரே குளிரில் எல்லாக் கேபிளும் சேர்ந்து நகர்ந்தால் ஒன்பது தட்டும் ஒரே பொய்யைச் சொல்லும். அந்தச் சோதனையில் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) பாசிட்ரானாகவும் காமாக் கதிராகவும் உடைவதைத் தேடுறோம். பத்து லட்சம் கோடிச் சிதைவில் ரெண்டுகூட இல்லைன்னு சொல்லும் அளவுக்கு அரிது. வேறு வேறு மியூவானிலிருந்து தற்செயலா சேர்ந்து வரும் ஜோடியை ஒதுக்க நேரம்தான் பெரிய துணை. ஜோடியை ஏற்கும் அந்த நேர இடைவெளி 20 பிக்கோ நகர்ந்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

பழைய தட்டுகளைத் திரும்ப அளக்கிறேன். ரெஃபரன்ஸ் பக்கமும் இப்போ 10 மீட்டர், அதே ரீலில் வெட்டியது; குளிர்ந்தால் ரெண்டும் சேர்ந்தே நகரட்டும், வித்தியாசம் மாறாது.